பழைய லேப்டாப்பில் கேம்: செட்டிங்கைக் குறைப்பதா, சூட்டைக் குறைப்பதா?

கார்முகில்:
லேப்டாப் 2018-இல் வாங்கியது. ஐ5-8250யு ப்ராசசர், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக்காக, ஹார்ட் டிஸ்க். ஓட்டுவது ஒரு ஓப்பன் வேர்ல்டு கேம், அதுவும் பழையதுதான். ரெசல்யூஷன் 1280×720, மற்ற எல்லாமே லோ. தொடங்கும்போது 40 எஃப்.பி.எஸ். (விநாடிக்கு இத்தனை ஃப்ரேம், அதாவது படம்) வரை காட்டுகிறது. பத்து நிமிடம் ஆனால் 20-க்குக் கீழே இறங்கிவிடும். வெளியே வந்து கொஞ்ச நேரம் சும்மா விட்டுத் திரும்பப் போனால் மறுபடி 40. இது போக, காரில் வேகமாகப் போனால் படம் அரை விநாடி அப்படியே நின்று அப்புறம் ஓடுகிறது. கேமை வேகமாக்குவதாகச் சொல்லும் கேம் பூஸ்டர் மென்பொருளைப் போடு என்கிறான் நண்பன். லேப்டாப்பையே மாற்று என்கிறார் அண்ணன். யார் பேச்சைக் கேட்பது?

புயல்வேகம்:
நண்பர் சொல்வதுதான் சரி ப்ரோ. நல்ல பூஸ்டராகப் பார்த்துப் போடுங்கள். ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளும் பேஜ் ஃபைலை ஆஃப் செய்யுங்கள், ஹார்ட் டிஸ்க்கை அதுதான் தின்னும். தேவையில்லாத சர்வீஸ் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். விண்டோஸின் வைரஸ் காவலான டிஃபெண்டரையும் நிறுத்தலாம். டாஸ்க் மேனேஜரில் கேமுக்கு ஹை ப்ரயாரிட்டி. இத்தனையும் செய்துதான் என் பழைய மெஷினை ஓட்டிக்கொண்டிருக்கிறேன், காசு செலவே இல்லை.

ஈயப்பற்று:
கார்முகில், உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. பத்து நிமிடம் கழித்து இறங்குகிறது, ஆறவிட்டால் மீண்டும் ஏறுகிறது. பின்னால் ஓடும் சர்வீஸ்தான் காரணம் என்றால் முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்கும். சர்வீஸுக்கு இளைப்பாறத் தெரியாது. இது சூடு.

பூஸ்டர் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். வெப்பநிலை, வேகம் எல்லாம் காட்டும் எச்.டபிள்யூ.இன்ஃபோ மென்பொருள் இலவசம்தான், அதைத் திறந்து வைத்துவிட்டுக் கேமை அரை மணி நேரம் ஓட்டுங்கள். வெளியே வந்ததும் ப்ராசசர் வெப்பநிலையும் கிளாக் வேகமும் குறைந்தபட்சம், அதிகபட்சம் எவ்வளவு என்று பாருங்கள். உங்கள் சிப்பின் அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், தேவைப்படும்போது தானாக ஏறும் டர்போவில் 3.4 வரை போகும். கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேகம் 1.6-க்கும் கீழே போய், பக்கத்தில் வெப்பநிலை 95-ஐத் தாண்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள சிப் தானாகவே வேகத்தைக் குறைக்கிறது. அந்த நிலையில் நிழலை ஆஃப் செய்தாலும் புல்லை ஆஃப் செய்தாலும் பத்து நிமிடம் பதினைந்தாகும், அவ்வளவுதான்.

பேஜ் ஃபைலை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். இருக்கும் 8 ஜிபியில்தான் விண்டோஸ், கேம், ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் உள் கிராபிக்ஸ் மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. பேஜ் ஃபைல் இல்லாமல் நினைவகம் தீர்ந்தால் கேம் மெதுவாகாது, நேராக மூடிக்கொண்டு டெஸ்க்டாப்புக்கு வந்துவிடும்.

புயல்வேகம்:
சூடு சூடு என்று பின்மூடியைக் கழற்றச் சொல்லப்போகிறீர்கள். எல்லோராலும் அது முடியுமா? உள்ளே ரிப்பன் கேபிள் ஒன்று பிய்ந்தால் யார் பொறுப்பு? இலவசமாக, ஆபத்தில்லாமல் செய்யக்கூடியதை முதலில் சொல்லுங்கள்.

சரி, பூஸ்டரை விடுங்கள். ஒன்று சொல்கிறேன், செய்து பாருங்கள். பவர் ஆப்ஷன்ஸில் மேக்சிமம் ப்ராசசர் ஸ்டேட் 100% என்று இருக்கும். அதை 99% ஆக்குங்கள். டர்போ நின்றுவிடும், சூடு கணிசமாகக் குறையும். ஸ்க்ரூட்ரைவரே வேண்டாம்.

கடைசிபெஞ்ச்:
ப்ராசசரை மெதுவாக்கி கேமை வேகமாக்குவதா? அருமை.

ஈயப்பற்று:
சிரிக்காதீர்கள் கடைசிபெஞ்ச், இதில் விஷயம் இருக்கிறது. 8250யு 15 வாட் சிப். அந்த 15 வாட்டை ப்ராசசர் கோர்களும் உள் கிராபிக்ஸும் சேர்ந்துதான் சாப்பிட வேண்டும். முதல் சில விநாடிகள் அதைவிட அதிகம் எடுத்துக்கொள்ள விடுவார்கள், அப்புறம் வரம்புக்குள் இழுத்துவிடும். கோர்கள் 3 கிகாஹெர்ட்ஸில் பறந்தால் கிராபிக்ஸுக்கு மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். டர்போவை நிறுத்தினால் அந்த வாட் கிராபிக்ஸ் பக்கம் போகும். அதனால் சில கேமில் எஃப்.பி.எஸ். நிஜமாகவே கூடும்.

ஆனால் எல்லா இடத்திலும் கூடாது. கூட்டம், போக்குவரத்து, தூரத்துக் கட்டிடங்கள் எல்லாம் ப்ராசசரின் வேலை. 1.6-இல் ஊருக்குள் நுழைந்தால் படம் திக்கும். வெட்டவெளியில் மட்டும் பார்த்துவிட்டு, புயல்வேகம் மருந்து கொடுக்கிறார்.

புயல்வேகம்:
வெட்டவெளியில் விளையாடினால் விளையாட்டு இல்லையா?

நிதானி:
இரண்டு பேரும் எஃப்.பி.எஸ். எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். கண்ணுக்குத் தெரிவது ஃப்ரேம் டைம். 30 எஃப்.பி.எஸ். என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 33.3 மில்லிவிநாடி, 40 என்றால் 25, 60 என்றால் 16.7. கார்முகிலின் திரை 60 ஹெர்ட்ஸாகத்தான் இருக்கும், அதாவது விநாடிக்கு 60 சுற்று புதுப்பிக்கும். அதில் 40 எஃப்.பி.எஸ். ஓடினால் ஒரு ஃப்ரேம் ஒரு சுற்றும் அடுத்தது இரண்டு சுற்றும் திரையில் நிற்கும், நடையில் தாளம் தப்பிக்கொண்டே இருக்கும். 30-இல் பூட்டிவிட்டால் ஒவ்வொரு ஃப்ரேமும் சரியாக இரண்டு சுற்று. எண் குறைவு, ஆனால் பார்க்க வழுவழுப்பு.

இன்னொரு லாபம், சூடு விவாதத்துக்கே வருகிறேன்: 30-இல் பூட்டினால் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் சிப்புக்கு மூச்சு விட நேரம் கிடைக்கிறது. வாட் குறையும், சூடும் குறையும். ரிவாட்யூனர் என்ற மென்பொருளில் வரம்பு போடுங்கள், அதிலேயே ஃப்ரேம் டைம் கோடும் தெரியும். கோடு தட்டையாக இருந்தால் போதும். சராசரி 45 என்று பெருமை பேசும் மெஷினில், ஆகமெதுவான ஒரு சதவீத ஃப்ரேம்கள் 12-இல் கிடந்தால் அது விளையாட லாயக்கில்லை.

லினக்ஸ்பித்தன்:
லினக்ஸ் போடுங்கள். பின்னால் அதிகம் எதுவும் ஓடாது. விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டும் ப்ரோட்டான் 2018-இல் வந்தது, இப்போது விண்டோஸ் கேம்களில் பெரும்பாலானவை அப்படியே ஓடுகின்றன.

கடைசிபெஞ்ச்:
வந்துவிட்டார். தூசி அடைத்த ஃபேன் லினக்ஸில் மட்டும் வேகமாகச் சுற்றுமா? நாளைக்கு நண்பர்களோடு வேலொரன்ட் ஆட வேண்டும் என்றால் அவர் என்ன செய்வார்? அந்தக் கேமில் ஏமாற்றுவோரைத் தடுக்கும் ஆன்டி சீட் லினக்ஸை உள்ளேயே விடாது.

அவருடைய அண்ணன் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள். 2024-இல் வந்த இந்தியானா ஜோன்ஸ் கேமுக்கும், 2025-இல் வந்த டூம் கேமுக்கும் ரே ட்ரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரைதல்) வசதியுள்ள கார்டு கட்டாயம். அங்கே லோ செட்டிங் என்ற பேச்சே கிடையாது, திறக்கவே திறக்காது. நீங்கள் என்னதான் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் தடவினாலும் அந்தச் சிப் அந்தச் சிப்தான்.

நிதானி:
அவர் அந்தக் கேம்களைக் கேட்கவே இல்லையே. தொடங்கும்போது 40 ஓடுவது பத்து நிமிடத்தில் 20 ஆகிறது, ஏன் என்றுதான் கேட்கிறார்.

கடைசிபெஞ்ச்:
அடுத்து அதைத்தான் கேட்பார்.

வெண்கொக்கு:
இந்த ஆரவாரத்தில் எல்லோரும் தாண்டிப் போன ஒரு வரி: "8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக்காக." உள் கிராபிக்ஸுக்கென்று தனி நினைவகம் இல்லை, ரேமில்தான் வாங்கித் தின்கிறது. டிடிஆர்4-2400 வகை ரேம் ஒரே ஸ்டிக்கில் விநாடிக்கு 19.2 ஜிபிதான் கடக்கும். அதே வேகத்தில் இன்னொன்று சேர்த்தால் இரண்டு வழியாகவும் ஓடும் ட்யுவல் சேனல், 38.4. தனி கார்டு உள்ள மெஷினில் இந்த வித்தியாசம் சிறியது. உள் கிராபிக்ஸில் மட்டும் ஆளையே மாற்றும், பல கேம்களில் ஒரு செட்டிங் மேலே ஏற்றலாம்.

வாங்குவதற்கு முன் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் ஸ்லாட் எத்தனை, பயன்பாட்டில் எத்தனை என்று பாருங்கள். சில மெல்லிய லேப்டாப்புகளில் ரேம் போர்டோடு சாலிடர் செய்திருக்கும், அங்கே கை வைக்க முடியாது.

புயல்வேகம்:
மறுபடியும் வாங்கு வாங்கு. ஃப்ரேம் டைம் யோசனை மட்டும்தான் இங்கே காசில்லாதது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஈயப்பற்று:
தூசி தட்டவும் காசில்லை. சர்வீஸை நிறுத்துவதற்கு எதிர்ப்பு இல்லை, ஆனால் பத்துச் சர்வீஸை நிறுத்திவிட்டு அப்டேட் வேலை செய்யவில்லை, ப்ளூடூத் போய்விட்டது என்று வந்து நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. நிறுத்த வேண்டியது மூன்றுதான்: ப்ரௌசர், பின்னணியில் தானாக நடக்கும் திரைப்பதிவு, கேம் லாஞ்சர்கள் திரைமேல் காட்டும் ஓவர்லே. டிஃபெண்டரை மொத்தமாக ஆஃப் செய்யச் சொல்வது வேண்டாத வேலை.

காரில் போகும்போது படம் நிற்பது வேறு நோய், இதோடு கலக்காதீர்கள். அது ஹார்ட் டிஸ்க். காரின் வேகத்துக்கு முன்னால் உள்ள தெருவை டிஸ்க்கிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். டிஸ்க்கைப் படிக்கும் ஹெட் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடம் நகர்ந்து படிக்க 10 மில்லிவிநாடிக்கு மேல் ஆகும். நான்கு இடம் தேடினாலே 30 எஃப்.பி.எஸ். ஃப்ரேம் ஒன்று போய்விட்டது. நகரும் ஹெட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. போட்டால் சராசரி எஃப்.பி.எஸ். பெரிதாகக் கூடாது, ஆனால் இந்த நிற்றல் பெரும்பாலும் ஒழியும். எஸ்.எஸ்.டி. போட்டும் எண் ஏறவில்லை என்று புலம்புகிறவர்கள் தவறான மருந்துக் கடைக்குப் போனவர்கள்.

கார்முகில்:
பார்த்துவிட்டேன். அரை மணி நேரத்தில் அதிகபட்சம் 97 டிகிரி. கிளாக் 1.1 வரை இறங்கியிருக்கிறது. ஃபேன் முழு வேகத்தில் அலறிக்கொண்டிருந்தது, வெளியே வரும் காற்றுதான் ரொம்பக் குறைவு.

ஈயப்பற்று:
காற்று குறைவு என்றால் ஃபேனுக்கும் செப்புத் தகட்டு வரிசைக்கும் நடுவே அடைத்திருக்கிறது. வெளியிலிருந்து ஊதினால் போகாது, இன்னும் உள்ளே திணிக்கும்.

முதலில் ஷட் டவுன், சார்ஜரைப் பிடுங்குங்கள். பின்மூடித் திருகுகள் எல்லாம் ஒரே நீளமாக இருக்காது, எது எந்த ஓட்டை என்று ஒரு தாளில் லேப்டாப் வடிவம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். மூடி திறந்ததும் மற்ற எதையும் தொடாமல் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். அப்புறம் ஃபேன் திருகுகளை எடுத்து ஃபேனை லேசாகத் தூக்கினால், தகடுகளின் வாயில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை ஒட்டியிருக்கும், தையல்காரர் காலரில் வைக்கும் கஞ்சித்துணி மாதிரி. அதை ட்வீசரால் ஒரே துண்டாக உரித்து எடுத்துவிடலாம். ஃபேன் இதழ்களைப் பிரஷால் துடைக்கும்போது விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழலவிடாதீர்கள்.

ஹீட் சிங்கைக் கழற்றினால் பழைய பேஸ்ட் காய்ந்து பொடிப்பொடியாக உதிரும். ஆல்கஹாலில் நனைத்த துணியால் இரண்டு பக்கமும் பளிச்சென்று துடைத்துவிட்டுப் புதிது வையுங்கள், அரிசி அளவு போதும். திருகுகளில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும், திரும்ப மாட்டும்போது அந்த வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக.

புயல்வேகம்:
கை நடுங்குகிறவர்கள் 99% வைத்துக்கொள்ளுங்கள். நான் சொன்னதைச் சொன்னேன்.

லினக்ஸ்பித்தன்:
சிப்புக்குப் போகும் வோல்டேஜைக் குறைத்தும் ஓட்டலாமே, அதற்கு த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருள் இருக்கிறது.

ஈயப்பற்று:
போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸ் அப்டேட் ஆகாமல் இருந்தால் முடியும். 2019 டிசம்பரில் வோல்டேஜை மாற்றித் தாக்கும் ப்ளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்த பிறகு பல லேப்டாப்புகளில் அந்தக் கதவைப் பூட்டிவிட்டார்கள். அதற்காகப் பயாஸைப் பின்னுக்குக் கொண்டுபோகச் சொல்ல மாட்டேன்.

கார்முகில்:
கழற்றித் துடைத்தாகிவிட்டது. பட்டை நிஜமாகவே ஒரே துண்டாக வந்தது, படம் எடுக்க மறந்துவிட்டேன். இப்போது ஒரு மணி நேரம் ஓட்டினாலும் 82 டிகிரியைத் தாண்டவில்லை, கிளாக் 2.2 பக்கம் நிற்கிறது. 30-இல் பூட்டியிருக்கிறேன், கோடு அநேகமாகத் தட்டை.

99%-ஐயும் போட்டுப் பார்த்தேன். பூட்டை எடுத்துவிட்டு காட்டுப் பகுதியில் ஓட்டினால் 3, 4 எஃப்.பி.எஸ். கூடுகிறது. சந்தைத் தெருவில் நுழைந்ததும் 23-க்கு விழுகிறது. 100%-இல் அதே தெருவில் 31.

புயல்வேகம்:
கூடியதா இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

ஈயப்பற்று:
23 எங்கே விழுந்தது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வெண்கொக்கு:
சந்தைத் தெருவில் கூட்ட அடர்த்தியையும் பார்வைத் தூரத்தையும் ஒரு படி குறையுங்கள் கார்முகில், அங்கே மாட்டிக்கொள்வது ப்ராசசர். சோதிக்க வேண்டும் என்றால் அதே தெருவில் ரெசல்யூஷனை 800×600-க்கு இறக்குங்கள். எண் அசையவில்லை என்றால் கிராபிக்ஸ் மேல் பழி இல்லை. டெக்ஸ்சரை வேண்டுமானால் இரண்டாவது ஸ்டிக் வந்த பிறகு மீடியம் ஆக்கலாம்.

கார்முகில்:
ஸ்லாட் இரண்டில் ஒன்று காலி. ஆனால் முதலில் எஸ்.எஸ்.டி. வாங்கலாம் என்றிருக்கிறேன், கார் தொல்லைதான் அதிகம். உள்ளே ஹார்ட் டிஸ்க் தவிர எம்.2 என்று எழுதிய ஒரு சிறிய ஸ்லாட்டும் பார்த்தேன்.

ஈயப்பற்று:
அவசரப்பட்டு ஆர்டர் போட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்து லேப்டாப்புகள் சிலவற்றில் எம்.2 ஸ்லாட் சாட்டா வகை எஸ்.எஸ்.டி.யை மட்டும்தான் ஏற்கும். இன்னொரு வகையான என்விஎம்இ வாங்கி மாட்டினால் பயாஸில் காட்டவே காட்டாது. நீளமும் பார்க்க வேண்டும், திருகு ஓட்டைக்குப் பக்கத்தில் 2242 அல்லது 2280 (42 அல்லது 80 மி.மீ. நீளம்) என்று போட்டிருக்கும். லேப்டாப்பின் முழு மாடல் எண்ணை இங்கே போடுங்கள், மேனுவலைப் பார்த்துச் சொல்கிறேன்.