விருதுநகரில் கடலை எண்ணெய் தொடாத எண்ணெய் பரோட்டா கடை?

9 வயது பையனுக்கு நிலக்கடலை அலர்ஜி. பட்டால் 15 நிமிடத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு. வரும் சனிக்கிழமை இரவு 7 மணிக்கு விருதுநகரில் 5 பேர் சாப்பிட வேண்டும். அவனும் பரோட்டா கேட்கிறான்.

மதுரை ரோடு, தெப்பக்குளம் பக்கம் புதிதாகத் திறந்த மூன்று கடைகளில் விசாரித்தாயிற்று. முதல் கடையில் பொரிப்பது பாமாயில், ஆனால் சால்னா கெட்டியாக நிலக்கடலை அரைத்து ஊற்றுகிறார்கள். இரண்டாவதில் சால்னாவுக்குத் தேங்காயும் கசகசாவும்தான். கல்லில் கிடப்பதோ மரச்செக்குக் கடலை எண்ணெய். செக்கு எண்ணெயில் கடலையின் புரதம் தங்கிவிடும், அதனால் அது கூடவே கூடாது. மூன்றாவதில் பெயர் ஒட்டாத டின். என்ன எண்ணெய் என்று மாஸ்டருக்கே தெரியவில்லை.

காலையில் போன் செய்தால் பலனில்லை, மாஸ்டர்கள் சாயங்காலம்தான் வருகிறார்கள். பழைய எண்ணெயிலேயே புதிதை ஊற்றுவதால், "இன்றைக்கு மட்டும் பாமாயில்" என்பதும் உதவாது. மாவு பிசைவதும் வேறு எண்ணெயில் இருக்க வேண்டும்.

மாவு, கல், சால்னா மூன்றிலும் கடலையே சேராத கடை, சைவமோ அசைவமோ, நீங்கள் நேரில் பார்த்தது எது?