சாண்டிங் மெஷின்: சுருள் கீறல் எங்கிருந்து வருகிறது?

மரத்தில் சுருள் கீறல் விழுந்திருப்பது பாலிஷ் ஏறின பிறகுதான் கண்ணில் படும். சின்னச் சின்னதாக ‘உ’ எழுதிவைத்தாற்போல இருக்கும். பெரும்பாலும் காரணம் கை அழுத்தம். ரேண்டம் ஆர்பிட் சாண்டர் என்ற கை மெஷினில், உப்புத்தாள் ஒட்டின வட்டத் தட்டுக்கு இரண்டு அசைவு உண்டு: தானும் சுழலும், சில மில்லிமீட்டர் வட்டத்தில் ஆடவும் செய்யும். அழுத்தினால் சுழற்சி நின்று ஆட்டம் மட்டும் மிஞ்சும். அப்போது தாளிலுள்ள ஒவ்வொரு மணலும் போட்ட வட்டத்தையே திரும்பத் திரும்பப் போடும். தட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டு ஓட்டுங்கள். கோடு சுற்றிக்கொண்டே இருந்தால் அழுத்தம் சரி. நின்றால் கையைத் தளர்த்துங்கள், மெஷினின் எடையே போதும்.

—

அழுத்தம் சரியாக இருந்தும் கீறல் வருகிறதென்றால் உப்புத்தாளின் நம்பரைப் பாருங்கள். நம்பர் ஏற ஏற மணல் பொடியாகும்; 80, 120, 180 என்று படிப்படியாகப் போக வேண்டும். 80-லிருந்து நேராக 180-க்குத் தாவினால், 80 போட்ட பள்ளத்தின் அடிவரை 180 எட்டவே எட்டாது. ஒவ்வொரு நம்பருக்கும் முன்னால் பலகை முழுக்கப் பென்சிலால் லேசாகக் கிறுக்கிவிடுங்கள். கிறுக்கல் முழுதும் போனால்தான் அடுத்த தாள். நடுவில் தூசியைத் துடைத்தே ஆகவேண்டும், உதிர்ந்த ஒரு 80 மணல் போதும், 180-இன் வேலையைக் கெடுக்க. நகர்த்தும் வேகம் நொடிக்கு 2–3 செ.மீ. தாளின் ஓட்டைகள் தட்டின் ஓட்டைகளோடு பொருந்தாவிட்டால் தூசி உள்ளே போகாது, தாள் அடைத்துக்கொள்ளும்.

விளிம்புக்கு வரும்போது தட்டில் பாதிக்கு மேல் மரத்தின் மீதே இருக்கட்டும். இல்லையென்றால் சாய்ந்து முனையை மழுக்கிவிடும்.

—

இதெல்லாம் ஆர்பிட் சாண்டருக்கு. அதை மரத்தில் வைத்துவிட்டு ஆன் செய்யலாம். உப்புத்தாள் பட்டையாக உருளைகளில் ஓடும் பெல்ட் சாண்டரை அப்படிச் செய்யவே கூடாது: ஓட்டிவிட்டுத்தான் இறக்க வேண்டும், நிறுத்தும் முன் தூக்கிவிட வேண்டும், ஒரு நொடிகூட ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. பெல்ட்டின் அடிப்பக்கம் நம்மை நோக்கி ஓடுவதால், கிளாம்ப் போடாத பலகை நம் மீதே பாயும். வினீர் என்ற மெல்லிய மரத்தோல் ஒட்டின ப்ளைவுட் பக்கம் இதைக் கொண்டுபோகாதீர்கள். மேல்தோல் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, கண் இமைப்பதற்குள் அடிப்பலகை தெரிந்துவிடும்.

—

தூசியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியான விஷயம். கைக்குட்டை கட்டினால் போதாது, என்95 மாஸ்க் மூக்கில் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். கண்ணாடியும் காதடைப்பும் கூடவே. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். சோதிக்காமல் மெஷின் வைக்காதீர்கள். தாள் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

தூசிப்பை நிறைய மரத்தூள் இருக்கும்போது அதே மெஷினால் ஆணித்தலையையோ இரும்பையோ தேய்த்தால், ஒரு பொறி உள்ளே போய்ப் புகைந்துகொண்டே இருந்து பிறகு பற்றும். எண்ணெய் பூசின மரத்தின் தூளோ பொறியே இல்லாமல் தானாகச் சூடேறும். வேலை முடிந்த கையோடு பையை வெளியே கொண்டுபோய்க் காலிசெய்து, தூளை மூடியுள்ள இரும்பு டப்பாவில் தண்ணீர் ஊற்றி வையுங்கள்.