சர்ஃப்ஸ்கேட்டில் குதிகால் பக்கத் திருப்பம் பாதியில் நிற்கிறது

கேள்வி: கார்வர் சி7 என்ற சர்ஃப்ஸ்கேட்டில் (அலைச்சறுக்குப் போல உடலைத் திருப்பி ஓட்டும் சக்கரப் பலகை) நான்கு மாதங்களாகப் பழகி வருகிறேன். கால்விரல் பக்கம் எளிதாக வளைகிறது. குதிகால் பக்கமோ பாதியிலேயே நின்றுவிடுகிறது, இருமுறை விழுந்தும்விட்டேன். முன் ட்ரக்கின் (சக்கரங்களைப் பலகையோடு இணைக்கும் அச்சுப் பகுதி) ஸ்பிரிங்கை இறுக்க வேண்டுமா?

பதில் 1: இப்போதைக்கு ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள். பெரும்பாலோர் இடுப்பை வளைத்துக் குனிகிறார்களே தவிர, முழங்காலை மடிப்பதில்லை. நாற்காலியில் அமர்வதுபோலத் தாழ்ந்து, முதலில் பார்வையையும் அடுத்து முன்பக்கக் கையையும் தோளையும் போக வேண்டிய திசைக்குத் திருப்பினால், இடுப்பும் பலகையும் தாமே பின்தொடரும். வளைவிலிருந்து வெளியேறும்போது மெல்ல எழுங்கள். வேகம் அங்கேதான் கிடைக்கிறது.

பதில் 2: பாதத்தையும் கவனியுங்கள். முன்பாதம் முன் போல்ட்டுகளுக்குச் சற்றுப் பின்னாலும், பின்பாதம் பின் ட்ரக்குக்கு மேலாகவும் இருக்கட்டும். என் முன்பாதத்தின் குதிகால் பலகையின் விளிம்பை எட்டாமல் நடுவிலேயே நின்றதுதான் என் சிக்கலாக இருந்தது. பலகையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டபின்தான் அது தெரிந்தது.

கேட்டவர்: இன்று மாலை காலித் தண்ணீர் பாட்டில்களை வரிசையாக நிறுத்தி முயன்றேன். தோளை முதலில் திருப்பியதும் மூன்று பாட்டில்களைச் சுற்றிவர முடிந்தது, நான்காவதை இடித்துவிட்டேன்.