ஆஸ்பத்திரிக் கேஸ், ஆக்சிடெண்ட் கேஸ்: சேலத்தில் அலைந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அம்மாபேட்டை வாசி:

மூன்று நாள் வயிற்றுப்போக்கு, பொட்டாசியம் குறைந்துவிட்டது என்று அம்மாவை டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ராத்திரி பதினொரு மணிக்கு வலது கையில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் "எரியுது கண்ணு, கை எரியுது" என்று ஆரம்பித்தார். பொட்டாசியம் ஏறும்போது எரியத்தான் செய்யும் என்றார்கள். அது உண்மையும்கூட, அதனால் நானே அம்மாவை அதட்டிப் படுக்க வைத்தேன்.

விடியற்காலை ஐந்து மணிக்குப் போர்வையை விலக்கிப் பார்த்தால் முழங்கை வரை வீங்கி, தோல் மினுமினு என்று இருக்கிறது, வளையல் சதைக்குள் புதைந்து கிடக்கிறது. வாட்ச்மேன் ஓடிப்போய்க் கட்டிங் பிளேயர் கொண்டுவந்து நறுக்கி எடுத்தார். ஊசி நரம்பை விட்டு விலகி, மருந்து சதையிலேயே இறங்கியிருக்கிறது. நாலு நாளில் புறங்கை கறுத்துவிட்டது. வேறு ஆஸ்பத்திரிக்குப் போய், தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்தார்கள்.

தப்பு யாருக்கும் நடக்கும், அதைக்கூட விட்டுவிடுவேன். கேஸ் ஷீட் நகல் வாங்கிப் பார்த்தேன். 2 மணி, 4 மணி, 6 மணி, மூன்று வரியிலும் ஐ.வி. லைன் (டிரிப்ஸ் ஏறும் குழாய்) சரியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறது. ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே சாய்வு. ஐந்து மணிக்கே வளையலை நறுக்கியாகிவிட்டது. ஆறு மணிக்கு எந்தக் கையில் எந்த லைன் சரியாக இருந்தது? நுகர்வோர் ஆணையத்தில் கேஸ் நடக்கிறது, வாய்தா மேல் வாய்தா.

கொலுசுப் பட்டறை:

எங்களுடையது ஏற்காடு ரோடு கேஸ். தம்பி பைக்கில் இறங்கி வரும்போது ஒரு வளைவில் எதிரே ஏறிய கார் குறுக்கே வெட்டித் திரும்பியது. இருபது கொண்டை ஊசி வளைவு, ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று தெரிந்த தம்பி ஓரம் கட்டித்தான் வந்தான், அப்படியும் கார்காரன் தட்டிவிட்டான். வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் "எப்படி அடிபட்டுச்சு?" என்று கேட்டபோது, போலீஸ், ஸ்டேஷன் என்று அலைய வேண்டாமே என்ற பயத்தில் நான் முந்திக்கொண்டு "வண்டியில வந்து விழுந்துட்டான் சார்" என்றேன். அவர் கேட்டதை எழுதினார். இரண்டு வருஷம் கழித்து கோர்ட்டில் இன்சூரன்ஸ் வக்கீல் டாக்டர் எழுதிய அந்த ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு "தானாக விழுந்ததாக" என்ற வரியை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். தம்பி கூண்டில் நின்றபடி என்னைத்தான் பார்த்தான். பாதித் தவறு எங்கள் மேல் என்று தீர்ப்பு வந்தது.

இன்னொன்றும் உண்டு. மெடிக்கல் போர்டில் ஊனம் 20 சதவீதம் என்று கொடுத்தார்கள். தம்பி கொலுசுக்குப் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கிறவன். இடுக்கி பிடிக்க முடியாத கைக்கு 20 என்ன, 80 என்ன? கையில் எவ்வளவு ஊனம் என்பதை அல்ல, அந்த ஆளின் பிழைப்பில் எவ்வளவு போனது என்பதைப் பார்க்க வேண்டும் என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் ராஜ்குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. எங்கள் வக்கீல் அதைக் காட்டிய பிறகுதான் தொகை கொஞ்சம் ஏறியது.

ஐந்து ரோடு:

அம்மாபேட்டை அண்ணா, நீங்கள் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனதே தப்பு. நேராக ஸ்டேஷனில் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். போட வைத்திருக்க வேண்டும். ரெண்டு நாள் உள்ளே இருந்தால் தானாக இறங்கி வருவார்கள். தவறான வைத்தியத்தில் மனைவியை இழந்த கல்கத்தா குணால் சாஹா கேஸில் ஆறு கோடி கொடுத்தார்களே, நீங்கள் எவ்வளவு கேட்டீர்கள்?

நைட் டூட்டி:

நான் செவிலியர். ஐந்து ரோடு சார் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. குணால் சாஹா அவரே டாக்டர், மனைவி இறந்தது 1998-ல், உச்ச நீதிமன்றம் அந்தத் தொகையைச் சொன்னது 2013-ல். பதினைந்து வருஷம் விடாமல் நின்றார். இன்னொன்று, ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-ல் தெளிவாகச் சொல்லியாகிவிட்டது: கிரிமினல் கேஸ் என்றால் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான அலட்சியமாக இருக்க வேண்டும், அதற்கு முன் வேறொரு டாக்டரின் கருத்தும் வாங்க வேண்டும்.

அம்மாபேட்டை அண்ணா, அந்த மூன்று வரியைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் ராத்திரி 28 படுக்கைக்கு நான் ஒருத்தி. நானும் அப்படி எழுதியிருக்கிறேன். ஷிப்ட் மாற்றிக் கொடுப்பதற்கு முன் மொத்தமாக உட்கார்ந்து 2, 4, 6 என்று நிரப்பிவிடுவோம். ஒரு நாள் அப்படி எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, ஒரு குழந்தையின் கைக்கடியில் தலையணை நனைந்திருந்தது. கை வீங்கவில்லை, பிழைத்தது. அன்றிலிருந்து பார்க்காத நேரத்தை வெறுமையாகவே விடுகிறேன், அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறேன். எரிகிறது என்று நோயாளி சொன்னால் முதலில் டிரிப்ஸை நிறுத்திவிட்டுக் கையைப் பார்க்க வேண்டும். அதை அன்று யாரும் செய்யவில்லை, அதுதான் தவறு.

அஸ்தம்பட்டி குமாஸ்தா:

வக்கீல் குமாஸ்தாவாக 31 வருஷம். என் சொந்தக் கதை சின்னது: என் மச்சானுக்குக் கண் ஆபரேஷனில் தவறு நடந்தது, நோட்டீஸ் விடுகிறேன் என்று இழுத்துக்கொண்டே இருந்தார், இரண்டு வருஷக் கெடு முடிந்து பதினோரு நாள் தாண்டிவிட்டது. தினமும் கோர்ட்டில் இருக்கும் நான் அவரைப் பிடித்து உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும்.

அதனால் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷம், தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால்தான் மன்னிப்பார்கள். ஆக்சிடெண்ட் கிளைமுக்கு, 2022 ஏப்ரல் 1-க்குப் பிறகு நடந்த விபத்து என்றால், சட்டத்தில் எழுதியிருப்பது ஆறே மாதம். கேஸ் ஷீட்டை எழுத்தில் கேளுங்கள், 72 மணி நேரத்தில் டாக்டர் தர வேண்டும் என்று 2002 மருத்துவக் கவுன்சில் விதியிலேயே இருக்கிறது. கேட்ட கடிதத்தின் நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள், அது இல்லாமல் நான் பார்த்த பாதிக் கேஸ் தள்ளாடியிருக்கிறது. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஆஸ்பத்திரிக்குக் கட்டிய பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கோர்ட் கட்டணம் கிடையாது. ஆனால் எல்லோருக்கும் இலவசமாக வைத்தியம் பார்க்கும் இடம் இதில் வராது, 1995-ல் சாந்தா வழக்கில் அப்படித்தான் பிரித்தார்கள். அங்கே நடந்ததற்கு சிவில் கோர்ட்.

நிபுணர் டாக்டர் சாட்சிக்கு வர மாட்டார் என்று பயப்படுவீர்கள். எல்லாக் கேஸுக்கும் நிபுணர் வேண்டியதில்லை என்று 2010-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே வந்துவிட்டது. அம்மாபேட்டைத் தம்பி, உங்கள் கேஸில் நிபுணரைவிடப் பெரிய சாட்சி அந்த வாட்ச்மேன். எந்த நேரத்தில் நறுக்கினார் என்று அவரிடம் பிரமாண வாக்குமூலம் வாங்கினீர்களா? வளையல் எங்கே?

நாகலூர்:

எஸ்டேட் விஷயம் இங்கே சொல்லலாமா தெரியவில்லை. சித்தப்பா சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறிக்க ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறினார், கணு ஒடிந்து முதுகு விழ விழுந்தார். ஜீப்பில் படுக்க வைத்துச் சேலம் இறக்கினோம், ஒவ்வொரு வளைவிலும் கத்தினார். மூன்றாம் நாள் நான் துணி எடுக்க மேலே போனபோது அந்த ஏணியைத் துண்டு துண்டாக வெட்டி தொழிலாளர் குடியிருக்கும் லயன் வீட்டு அடுப்பங்கரை ஓரம் அடுக்கியிருந்தார்கள். செக்ரோலில் (எஸ்டேட் வருகைப் பதிவேட்டில்) பெயர் இல்லை, அவர் கான்ட்ராக்டர் ஆள் என்றார்கள். கான்ட்ராக்டர் ஆளாக இருந்தாலும் அப்போது அமலில் இருந்த 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் முதலாளிதான் முதலில் பொறுப்பு என்று தொழிற்சங்கத்து அண்ணன் சொல்லித்தான் தொழிலாளர் துறையில் மனு போட்டோம். ஏணியை அன்றே போட்டோ எடுத்திருக்கலாம். போன் சட்டைப் பையில்தான் இருந்தது.

அம்மாபேட்டை வாசி:

நைட் டூட்டி சகோதரி, அன்று ராத்திரி டூட்டியில் இருந்த செவிலியர் பெண்ணின் பெயரை நாங்கள் எதிர்தரப்பில் சேர்க்கவில்லை. ஊழியர் செய்ததற்கு ஆஸ்பத்திரிதான் பதில் சொல்ல வேண்டும் என்று வக்கீல் சொன்னார், அம்மாவும் வேண்டாம் என்றுவிட்டார்.

குமாஸ்தா ஐயா, வளையல் இருக்கிறது. இரண்டு துண்டும், ஒன்றில் பிளாஸ்திரி ஒட்டியபடியே, ஒரு டிபன் டப்பாவில் வைத்திருக்கிறேன். வாக்குமூலம் வாங்கத் தோன்றவே இல்லை. நேற்று ஆஸ்பத்திரிப் பக்கம் போய்க் கேட்டேன், வாட்ச்மேன் வேலையை விட்டு ஆறு மாதமாகிறதாம், ஆத்தூர் தாண்டி ஏதோ ஊர். டீக்கடைக்காரரிடம் அவர் மகன் நம்பர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போகிறேன். வாக்குமூலம் எப்படி எழுத வேண்டும் என்று மட்டும் அதற்குள் சொல்லிவிடுங்கள்.