கிழிசலைப் படிக்கக் கற்றோம்: கை எம்ப்ராய்டரி முகாம் அனுபவங்கள்

கை எம்ப்ராய்டரியும் கிழிசல் தையலும் சேர்த்துச் சொல்லித் தரும் முகாம்களில் தங்கிக் கற்றவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அங்கே கை எதைக் கற்றது, யாரைச் சந்தித்தீர்கள், எந்தத் துணி மனதில் நின்றது என்று எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

எங்கள் ஆசிரியர் ஆளுக்கொரு புதுப் பருத்தித் துண்டைக் கொடுத்து, நடுவில் ஓர் ஓட்டை வெட்டச் சொன்னார். நல்ல துணியில் கத்தரியை வைக்க யாருக்கும் கை வரவில்லை. அவரே ஒரு துண்டை வெட்டிக் காட்டிவிட்டு, பழைய பயிற்சித் துணிகளின் படங்களை மேசையில் பரப்பினார். 18ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் தையல் படித்த சிறுமிகள் லினன் துணியில் வேண்டுமென்றே ஓட்டை வெட்டி, நீளவாக்கில் ஓடும் பாவு நூலை ஒரு நிறத்திலும் குறுக்கே ஓடும் ஊடை நூலை இன்னொரு நிறத்திலும் ஓட்டி, காணாமல் போன துணியைத் திரும்ப நெய்திருக்கிறார்கள். ஒரே துணியில் சாதா நெசவு, சாய்கோடாக விழும் ட்வில், கட்டம் என்று ஓட்டைக்கு ஒரு நெசவு. ஒவ்வொன்றும் சிலுவை வடிவில் இருக்கும். நூல் ஓட்டையைத் தாண்டி நான்கு பக்கமும் நல்ல துணிக்குள் நீள்வதால் வந்த வடிவம் அது.

அந்த நீட்சியில்தான் வேலையின் உயிரே இருக்கிறது. ஓட்டையின் விளிம்பிலிருந்து 1 செ.மீ. அளவாவது தள்ளி, சின்னச் சின்ன ஓட்டுத் தையலாக ஆரம்பிக்க வேண்டும். விளிம்பில் தொங்கும் பழைய நூல்களை வெட்டக்கூடாது, அவையும் பிடிமானம்தான். ஓட்டை வந்ததும் நூலைக் குறுக்கே விட்டு, மறுகரையில் மறுபடி தையல். திரும்பும் இடத்தில் எல்லாம் ஒரு சிறு வளைவு விட வேண்டும். துவைத்து நூல் சுருங்கும்போது அந்த வளைவுதான் இடம் கொடுக்கும், இல்லையென்றால் துணி சுற்றிலும் சுருக்கம் தட்டிவிடும். பாவு முடிந்ததும் மொட்டை முனை ஊசியால் ஒன்று மேல், ஒன்று கீழ் என்று ஊடை. கூர் ஊசி பாவு நூலையே பிளந்துவிடும்.

நான் பாவுக்கு மஞ்சளும் ஊடைக்கு மயில் நீலமும் எடுத்தேன். இரண்டும் கலந்த சதுரம் தூரத்தில் பச்சையாகத் தெரிந்தது. வெளியே நீண்ட மஞ்சளையும் நீலத்தையும் காம்புத் தையலால் இழுத்துக் கொடியாக்கினேன். ஓட்டை எங்கே இருந்ததோ அங்கேதான் கொடியின் வேர். பூவை எங்கே வைப்பது என்று வெள்ளைத் துணியைப் பார்த்துத் திகைக்கிற வேலையே இல்லை. இடத்தைக் கிழிசல் சொல்லிவிடுகிறது.

* * *

அக்கா, ஓட்டையைத் தாண்டிப் போக வேண்டும் என்று எழுதினீர்களே, அதை நான் ஒரு ஸ்வெட்டர் முழங்கையில் கற்றேன். விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. எங்கள் ஆசிரியை ஊசியைத் தொடவே விடவில்லை. முதலில் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். பார்த்தால், ஓட்டையைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குக் கம்பளி தேய்ந்து வலை வலையாகத் தெரிந்தது. ஓட்டையை மட்டும் கெட்டியாக அடைத்திருந்தால், அந்தக் கெட்டி விளிம்பே பக்கத்தில் இருக்கும் நைந்த நூலை அறுத்திருக்கும்.

அதனால் வேலை இரண்டாகப் பிரிந்தது. ஓட்டைக்கு நெசவு. சுற்றியுள்ள நைந்த இடத்துக்கு, கம்பளிக் கண்ணிகள் போகும் பாதையிலேயே புது நூலை ஓட்டி ஒவ்வொரு கண்ணியையும் இரட்டையாக்குவது. புது நூலை வேறு நிறத்தில் எடுத்தால் கண்ணி கண்ணியாகச் சித்திரம் வரும். நான் ஆரஞ்சு எடுத்து, ஓரங்களை ஒழுங்கில்லாமல் விட்டேன். முழங்கையில் ஒரு சூரியன் உட்கார்ந்துவிட்டது.

பின்னலாடையில் தைக்கப் போகிறவர்கள் இழுவையை மறக்கக் கூடாது. இழுபடும் துணியில் நேர் ஓட்டுத் தையல் போட்டால் உடுத்தும்போது நூல் அறும். சங்கிலித் தையல் கூடவே நீளும். சாக்ஸ் என்றால் இன்னொன்று: முடிச்சுப் போடாதீர்கள், பாதத்தில் உறுத்தும். நூல் நுனியை நெசவுக்குள் முன்னும் பின்னும் ஓட்டி விட்டாலே போதும். உள்ளே வைத்துக்கொள்ளக் காளான் வடிவ மரக்கட்டை உண்டு, அது இல்லாவிட்டால் வழவழப்பான எந்த உருண்டையும் உதவும்.

* * *

எங்கள் முகாமில் பாதிக்கு மேல் சஷிகோதான். ஜப்பானில் துணியை அடுக்கி உறுதியாக்க வந்த ஓட்டுத் தையல். நீலச் சாயத் துணியில் வெள்ளைப் பருத்தி நூல், அரிசி மணி அளவுத் தையல்கள். வடக்கே ஆவோமோரி போன்ற குளிர்ப் பகுதிகளில் பருத்தி விளையாது. அதனால் கிடைத்த ஒவ்வொரு பழைய பருத்தித் துண்டும் அங்கே பொக்கிஷம். ஒட்டின் மேல் ஒட்டாகத் தைத்துத் தைத்துத் தலைமுறைகள் உடுத்திய அந்தத் துணிகளை போரோ என்கிறார்கள். வறுமையின் அடையாளம் என்று ஒளித்துவைக்கப்பட்டவற்றை தனகா சூசாபுரோ (1933–2013) என்பவர் தேடித் தேடிச் சேகரித்தார். அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்றே சொல்வேன்.

தைக்கும் முறை எனக்கு முற்றிலும் புதிது. ஊசியை ஒவ்வொரு தையலுக்கும் வெளியே இழுப்பதில்லை. ஊசியை அசைக்காமல் துணியை மேலும் கீழும் அசைத்து, பல தையல்களை ஊசியிலேயே மடித்து ஏற்றி, மொத்தமாக இழுக்க வேண்டும். பிறகு விரலால் தடவித் துணியை விரிக்க வேண்டும். இந்தத் தடவலை விட்டுவிட்டால் வரிசை முழுக்கச் சுருங்கிப்போகும். வங்காளத்துக் காந்தாவும் இதே ஓட்டுத் தையல்தான்: பழைய புடவைகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்தார்கள். எங்கெங்கோ இருந்த பெண்கள் ஒரே எளிய தையலில் வந்து சேர்ந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

ஜீன்ஸ் முட்டியில் உள்பக்கம் ஒட்டு வைத்து, நேர்க்கோடு போட ஆரம்பித்தேன். கிழிசல் கிட்டே வரும்போது கோடுகளை நெருக்கி, தள்ளிப் போகப் போக அகலவிட்டேன். பலம் வேண்டிய இடத்தில் தையல் அடர்த்தி, மற்ற இடத்தில் காற்றோட்டம். அழகும் அதே கணக்கில் தானாக வந்தது.

* * *

ஒரு மாற்றுக் கருத்து. எல்லாக் கிழிசலையும் வண்ணத்தில் காட்டியே ஆக வேண்டும் என்று இப்போது ஒரு வேகம் இருக்கிறது. எனக்கு அது ஒப்பவில்லை. உத்தரப் பிரதேசத்தின் நஜிபாபாத்தைச் சேர்ந்த ரஃபூகர்கள், அதாவது கிழிசல் தைக்கும் கைவினைஞர்கள், காஷ்மீர் சால்வைகளைச் சரிசெய்வதில் பேர்போனவர்கள். ஓட்டை இருந்த இடமே தெரியாமல் இழையோடு இழை சேர்ப்பார்கள். தன் வேலை தெரியாமல் போவதையே வெற்றியாக நினைக்கும் கை அது. அதை வெட்கம், மறைப்பு என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். நுண்ணிய பட்டும் பழைய சால்வையும் தடித்த நூலைத் தாங்காது. துணி எதைத் தாங்கும் என்று பார்த்த பிறகுதான் விளையாடுவதா, மறைவதா என்று முடிவுசெய்ய வேண்டும்.

* * *

உங்கள் பேச்சு முழுக்கச் சரி, ஐயா. அதையொட்டி நான் பார்த்த ஒன்று.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஓர் ஆண்கள் சட்டை கொண்டுவந்திருந்தார். கணவருடையது, அவர் காலமாகிவிட்டார். பைக்குக் கீழே பேனா கசிந்த கறை. அதன் மேல் பிரெஞ்சு முடிச்சுகளை நெருக்கமாகப் போட்டு மூடிவிடலாம் என்று நாங்கள் ஆளாளுக்கு யோசனை சொன்னோம். ஆசிரியர், “இதை மூட வேண்டுமா?” என்று மட்டும் கேட்டார். அந்த அம்மா வெகுநேரம் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒற்றை இழையில் கறையின் விளிம்பை மட்டும் பின் தையலால் சுற்றி வரைந்தார். கறை அப்படியே இருந்தது. வரைபடத்தில் ஒரு தீவுக்குக் கரை போட்டது மாதிரி ஆனது. முகாமில் நான் பார்த்த வேலைகளில் அதுதான் மிகப் பெரியது என்பேன்.

கண் மங்கத் தொடங்கியவர்களுக்குச் சில குறிப்பு. வலக்கைக்காரர்கள் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழும்படி உட்காருங்கள், கை நிழல் தையல் மேல் விழாது. நூலைக் காதுக்குள் குத்த முயலாமல், நுனியை இரு விரலில் நசுக்கிப் பிடித்து ஊசிக் காதை அதன் மேல் கொண்டுவாருங்கள். எம்ப்ராய்டரி நூல் ஆறு இழை. வேண்டிய இழைகளை ஒவ்வொன்றாக உருவி, பிறகு சேர்த்தால் தையல் படிந்து உட்காரும். நூல் 45 செ.மீ. நீளம் போதும், அதற்கு மேல் உரசி நைந்துவிடும். அன்றைய வேலை முடிந்தால் துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தைக் கழற்றிவிடுங்கள்.

* * *

கேள்வி: சிவப்பு நூலில் தைத்துத் துவைத்தால் வெள்ளைத் துணியில் சாயம் இறங்காதா?

* * *

இறங்கலாம், குறிப்பாக அடர் சிவப்பும் கருநீலமும். தைக்கும் முன்பே நூலில் ஒரு துண்டை நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால், ஒட்டுவது நிற்கும் வரை குளிர்ந்த நீரில் அலசி உலர்த்திவிட்டுத் தையுங்கள். ஒட்டுத் துணி புதுப் பருத்தி என்றால் அதையும் முதலில் துவைத்துவிடுங்கள். பழைய ஆடை சுருங்கி முடித்திருக்கும், புது ஒட்டு இனிமேல்தான் சுருங்கும். இரண்டும் ஒரே நிலைக்கு வந்த பிறகு தைத்தால் ஒட்டைச் சுற்றி இழுக்காது.