அப்பாவுக்குச் சிறுநீர்க்குழாயில் கல்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அப்பாவுக்கு 58 வயது, கொத்தனார். இடுப்பிலிருந்து அடிவயிறுவரை வலி இழுத்து, வாந்தியும் வந்தது. ஸ்கேனில் 6 மி.மீ. கல். 5 மி.மீ.க்குக் கீழே என்றால் பெரும்பாலும் தானாக வெளியேறும், இது எல்லையில் இருக்கிறது என்று டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். குளிர்காய்ச்சல் வந்தால் உடனே வரவேண்டுமாம்.

உப்பைக் குறை, பாலை நிறுத்தாதே என்றார். உணவிலுள்ள கால்சியம், கல் உருவாகக் காரணமான ஆக்சலேட் என்ற பொருளைக் குடலிலேயே பிடித்துவிடும். அம்மாவோ பாலை அடியோடு நிறுத்திவிட்டு வாழைத்தண்டுச் சாறாகக் கொடுக்கிறார். எப்படிப் புரியவைப்பது?

இன்னொன்றுதான் எனக்குப் பெரிய கவலை. சைட்டில் ஒதுங்க இடமில்லை என்று அப்பா பகல் முழுக்கத் தண்ணீரே குடிப்பதில்லை. அந்த வெயிலில்! கட்டட வேலைக்குப் போகிறவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? தயவுசெய்து சொல்லுங்கள்.