யாருக்குக் கல்யாணம்?

குழு: ஆச்சி வீடு, கோவில்பட்டி
ஞாயிறு, ஆடி 11

காலை 10.42

பெரியப்பா: 📎 திருமண அழைப்பிதழ்.ஏபிகே
பெரியப்பா: எங்கள் இல்லத் திருமணத்திற்கு அனைவரும் வருக. பத்திரிகையைத் திறந்து பார்க்கவும்.

நான்: யாருக்கு?

செல்வி அத்தை: அண்ணே, செந்திலுக்கா! கழுகுமலை முருகா, கண்ணைத் திறந்துவிட்டாயே 🙏🙏🙏

ரேவதி அக்கா: எனக்கே தெரியாதே

அப்பா: சந்தோஷம். கூடப்பிறந்தவனுக்கு வாட்ஸ்அப்பில் பத்திரிகை வைக்கிற காலம்.

செல்வி அத்தை: எனக்கு மட்டும் வெற்றிலை பாக்கா வைத்தார்? விடு முருகா. நல்ல காரியத்தில் பேச வேண்டாம்.

அப்பா: நான் பேசவில்லை அக்கா. 2019 பத்திரிகையில் என் பெயர் விட்டுப்போனபோதும் நான் பேசவில்லை.

நான்: அதை வாரத்துக்கு ஒருமுறை பேசாமல் இருக்கிறீர்கள் அப்பா

செந்தில் அண்ணன்: யாருக்குக் கல்யாணம்?

நான்: மாப்பிள்ளைக்கும் தகவல் இல்லை 😂

செல்வி அத்தை: பத்திரிகை திறக்க மாட்டேன் என்கிறது. தெரியாத செயலி, அனுமதி என்று என்னவோ கேட்கிறது. ஆமாம் என்று கொடுத்துவிடவா?

பெரியம்மா: ஆடி மாதத்தில் எவன் கல்யாணம் வைப்பான்? அவர் குளித்துக்கொண்டிருக்கிறார். போன் சார்ஜில் கிடக்கிறது.

கவிதா மதினி: அம்மா தொடாதே
கவிதா மதினி: யாரும் தொடாதீர்கள்

ரேவதி அக்கா: நான் அழுத்திவிட்டேனே. ஒன்றுமே வரவில்லை.

கவிதா மதினி: உங்களுடையது ஐபோன் மதினி, அதில் ஏபிகே ஓடாது. பிழைத்தீர்கள். மற்றவர்கள் கவனியுங்கள். பத்திரிகை என்றால் போட்டோவாக வரும், இல்லை பிடிஎஃப் ஆக வரும். ஏபிகே என்று முடிந்தால் அது பத்திரிகையே இல்லை, ஆண்ட்ராய்டு போனில் ஏறி உட்காரும் செயலி. அனுமதி கொடுத்துவிட்டால் நமக்கு வரும் எஸ்எம்எஸ் எல்லாவற்றையும் அது படிக்கும். வங்கி ஓடிபி, வாட்ஸ்அப் ஓடிபி எதுவும் மிச்சமில்லை. வாட்ஸ்அப் ஓடிபி கிடைத்தால் மாமாவின் எண்ணிலேயே வேறு போனில் வாட்ஸ்அப் திறந்து, மாமா பெயரில் நமக்கெல்லாம் அனுப்புவார்கள். தெரியாத எண் என்றால் நாம் சந்தேகப்படுவோம். மாமா அனுப்பினால்? எங்கள் வங்கிக் கிளைக்கே மூன்று பேர் இப்படி வந்தார்கள். அத்தை, முதலில் மாமா போனில் வைஃபையும் டேட்டாவும் அணையுங்கள். அப்புறம்

கவிதா மதினி: (கை பட்டுப் போய்விட்டது) அப்புறம் சிம்மைக் கழற்றி உங்கள் பழைய பட்டன் போனில் போடுங்கள். வங்கியிலிருந்து வரும் எஸ்எம்எஸ் அதில் வரட்டும், அந்தச் செயலியால் படிக்க முடியாது.

பெரியம்மா: பட்டன் போன் எங்கே வைத்தேன்

செல்வி அத்தை: மதினி, அரிசிப் பானைக்குள் வைத்தால் சரியாகிவிடும் என்பார்களே

நான்: அது தண்ணீரில் விழுந்த போனுக்கு அத்தை. அதற்கும் சரியாகாது.

செல்வி அத்தை: எனக்குச் சரியானது.

ரேவதி அக்கா: இனிமேல் வீட்டில் யார் பணம் கேட்டாலும், குரல் அப்படியே இருந்தாலும், ஒரு ரகசியச் சொல் கேட்க வேண்டும். இங்கே ஷார்ஜாவில் நிறைய பேர் வைத்திருக்கிறார்கள்.

செல்வி அத்தை: மணி என்று வைக்கலாம். நம் பழைய நாய். வெளியாருக்குத் தெரியாது.

செந்தில் அண்ணன்: அத்தை, திருடனும் இந்தக் குழுவில்தான் இருக்கிறான் 🤦

செல்வி அத்தை: ஐயோ

கவிதா மதினி: முருகன் மாமா, நீங்கள்தான் அட்மின். அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து எல்லோருக்கும் அழியுங்கள். பெரிய மாமாவின் எண்ணையும் எடுத்துவிடுங்கள்.

அப்பா: எடுத்தால் அண்ணன் ஆறு மாதம் பேச மாட்டார்.

பெரியம்மா: இப்போது மட்டும் தினம் பேசிக்கொள்கிறீர்களா? எடுங்கள் தம்பி.

[அப்பா, செல்வி அத்தையை நீக்கினார்]

நான்: அப்பா!

[அப்பா, செல்வி அத்தையைச் சேர்த்தார்]
[அப்பா, பெரியப்பாவை நீக்கினார்]

செல்வி அத்தை: இதற்கும் பேசக் கூடாதா?

அப்பா: கைதவறு. இதைத்தானே மோடிகூட வானொலியில் சொன்னார்?

கவிதா மதினி: அது 2024 அக்டோபரில், டிஜிட்டல் கைது பற்றி மாமா. சிபிஐ என்று வீடியோவில் வந்து மிரட்டுவது. சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. இது வேறு.

அப்பா: எல்லாம் ஒன்றுதான்.

காலை 11.15

பெரியம்மா: பட்டன் போன் கிடைத்தது. சாமி மாடத்தில் இருந்தது. சிம் போட்டாயிற்று.
பெரியம்மா: அவர் வந்துவிட்டார். சொன்னேன். பேச மாட்டேன் என்கிறார்.

செந்தில் அண்ணன்: அம்மா, வங்கியிலிருந்து ஏதாவது மெசேஜ் வந்ததா என்று கேள்.

பெரியம்மா: நான் ராமசாமி தட்டச்சு செய்கிறேன். என்னை யார் குழுவிலிருந்து நீக்கியது?

அப்பா: கவிதா சொன்னாள் அண்ணே.

கவிதா மதினி: மாமா, அதை அப்புறம் பேசலாம். இதற்கு முன்னால் ஏதாவது கோப்பு திறந்தீர்களா?

பெரியம்மா: அகவிலைப்படி நிலுவை என்று நேற்று மாலை வந்தது. அஞ்சல் ஓய்வூதியர் குழுவில், தெரிந்தவர் எண்ணிலிருந்து. நிலுவையை வரவு வைக்க ஏடிஎம் அட்டையின் கடைசி ஆறு எண்ணும் காலாவதி மாதமும் கேட்டது. போட்டேன். – ராமசாமி

கவிதா மதினி: பணம்?

பெரியம்மா: இரவு 4,900 போயிருக்கிறது. – ராமசாமி

ரேவதி அக்கா: அப்பா!!! அதை ஏன் நேற்றே சொல்லவில்லை?

கவிதா மதினி: நேற்று எத்தனை மணிக்குத் திறந்தீர்கள் மாமா?

பெரியம்மா: ஏழு மணி இருக்கும். சீரியல் ஆரம்பித்திருந்தது.

கவிதா மதினி: சரி, இதை எல்லோரும் கேளுங்கள். யூபிஐ பின் புதிதாக வைக்க அட்டையின் கடைசி ஆறு எண், காலாவதி மாதம், ஒரு ஓடிபி போதும். மூன்றும் அவனிடம் இருக்கிறது. அப்புறம் ஏன் 4,900 மட்டும் எடுத்தான்? புதிய போனில் யூபிஐ பதிந்தால் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்தான் அனுப்ப முடியும். அதனால்தான். இன்று மாலை ஏழு மணிக்கு மேல் நாளுக்கு ஒரு லட்சம் வரை போகும். செந்தில் அத்தான், நீங்கள் சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போடுங்கள், கடத்திய பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அதை அவர்கள்தான் நிறுத்தச் சொல்வார்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மாமா, நீங்கள் பட்டன் போனிலிருந்து வங்கிக்குப் பேசி அட்டை, யூபிஐ, நெட்பேங்கிங் மூன்றையும் முடக்கச் சொல்லுங்கள். எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள், அங்கேயும் போலி வாடிக்கையாளர் சேவை எண் போட்டு வைத்திருப்பார்கள். அட்டையின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்தான். எதிர்முனையில் பின் கேட்டால் வைத்துவிடுங்கள்.

செல்வி அத்தை: எவ்வளவு பெரிதாக எழுதுகிறாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் பெண் கேட்டிருந்தால் இந்நேரம் வங்கிக்காரி மருமகள் வீட்டோடு இருந்திருப்பாள்.

கவிதா மதினி: அம்மா.

செந்தில் அண்ணன்: 1930 வரிசையில் நிற்கிறேன்

அப்பா: அந்தப் போனில்தானே வீட்டுப் பத்திரத்தின் போட்டோவும் இருக்கிறது?

செல்வி அத்தை: எந்தப் பத்திரம்?

அப்பா: பத்திரம்தான்.

செல்வி அத்தை: போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிற அளவுக்கு என்ன நடந்தது, எனக்குத் தெரியாமல்?

ரேவதி அக்கா: இப்போது அது முக்கியமா?

நண்பகல் 12.05

செந்தில் அண்ணன்: புகார் பதிவாயிற்று, எண் வந்திருக்கிறது. பணம் திரும்புமா என்று கேட்டேன், பார்க்கலாம் என்றார்கள்.

பெரியம்மா: வங்கியில் முடக்கியாயிற்று. முப்பத்தாறு வருடம் மணியார்டர் பாரத்தில் கைநாட்டைக்கூட ஒத்துப் பார்த்துக் கொடுத்தவன் நான். – ராமசாமி

ரேவதி அக்கா: சரி அப்பா. ஆனால் இனி உங்களுக்கு ஸ்மார்ட்போன் வேண்டாம். பட்டன் போன் போதும்.

பெரியம்மா: அது நடக்காது. பேத்தி முகத்தை பட்டன் போனில் எப்படிப் பார்ப்பது? – இது நான், லட்சுமி

கவிதா மதினி: போனைப் பிடுங்குவது சரிவராது மதினி. அவருக்கு நவம்பரில் உயிர்வாழ் சான்றும் அதில்தான், முகத்தைக் காட்டினால் முடிந்துவிடும். ஓய்வூதியக் கணக்கில் யூபிஐ வேண்டாம். தனியாக ஒரு சின்னக் கணக்கு, அதில் மூவாயிரம் நாலாயிரம், அதற்கு மட்டும் யூபிஐ. காய்கறி, பால், மருந்துக்கு அது போதும்.

செந்தில் அண்ணன்: 👍

அப்பா: நான்கூட அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

நான்: இல்லை அப்பா, நீங்கள் வைத்திருப்பது அம்மாவுக்குத் தெரியாத கணக்கு

அப்பா: தினேஷ்.

ரேவதி அக்கா: அப்பா, நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. நேற்று இரவே பணம் போனது தெரியும்தானே?

பெரியம்மா: தெரியும். தூங்கவில்லை. போன வருடம் இரவு ஒன்பதரைக்கு கரண்ட் கட் என்று மெசேஜ் வந்ததை நம்பிப் பதறினேன். ஒரு ரூபாய் போகவில்லை. நான் மெழுகுவர்த்தி பிடிப்பது போல ஸ்டிக்கர் செய்து தீபாவளி வரை ஓட்டினீர்கள். இதைச் சொன்னால் என்ன செய்வீர்களோ என்று இருந்துவிட்டேன். – ராமசாமி

நான்: [இந்தச் செய்தியை நீக்கிவிட்டீர்கள்]

நான்: பெரியப்பா, அடுத்த ஞாயிறு நான் வருகிறேன். போனைச் சுத்தமாக அழித்து, வாட்ஸ்அப்பை உங்கள் எண்ணிலேயே மீட்டு, இரு-படி சரிபார்ப்பு போட்டுத் தருகிறேன். போட்டோக்களை முதலில் எடுத்துவிடலாம்.

கவிதா மதினி: ஞாயிறு வரை அந்தப் போனை ஆன் செய்யவே கூடாது. சனிக்கிழமை வர முடியாதா தினேஷ்?

நான்: செமஸ்டர் மதினி

செந்தில் அண்ணன்: நான் வெள்ளி ரயிலில் வரப் பார்க்கிறேன். லீவு சொல்லவில்லை இன்னும்.

செல்வி அத்தை: செந்தில் வந்தால் அப்படியே அந்தச் சாத்தூர் ஜாதகத்தையும் பார்த்துவிடலாம்.

செந்தில் அண்ணன்: அப்படியானால் தினேஷே வரட்டும்

அப்பா: அண்ணே, வேறு போன் வந்ததும் உங்களைச் சேர்த்துவிடுகிறேன்.

பெரியம்மா: அட்மினும் ஆக்க வேண்டும். – ராமசாமி

அப்பா: பார்க்கலாம்.

பிற்பகல் 1.30

கவிதா மதினி: அத்தை, மாமா சாப்பிட்டாரா?

பெரியம்மா: எங்கே. பழைய டைரியை எடுத்து வைத்துக்கொண்டு, பட்டன் போனில் ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார். என் பெயரில் பத்திரிகை வந்தால் திறக்காதீர்கள் என்று. இருபத்திரண்டு பேர் ஆயிற்று. ரசம் ஆறிவிட்டது. எதிர்வீட்டு டீச்சர் நேரிலேயே வந்துவிட்டார், பெண் எந்த ஊர் என்று. பால்காரர் திறந்துவிட்டாராம். கவிதா, அந்த எண் என்ன சொன்னாய்?

கவிதா மதினி: 1930. முதலில் டேட்டாவை அணைக்கச் சொல்லுங்கள்.